பெஞ்சில் இருப்பவருக்கு 12 மில்லியனா?

அல்சூரில் கூடியிருக்கும் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

கண்டீரவா உள்ளரங்கில் பேஸ்கட்பால் மேட்ச் முடிந்து வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது என்ன? “எத்தனை பாயிண்ட் போட்டே?” அமெரிக்காவின் பேஸ்கட்பால் லீகான என்.பி.ஏ.வின் ரசிகர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பாயிண்ட் போடாதவருக்கு எதற்கு இத்தனை சம்பளம்?

ஆந்த்ரே இகுடாலாவை எடுத்துக்கொள்வோம். 2013-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அவருக்கு 4 ஆண்டுக்கு 48 மில்லியன் டாலர் பேசியது. மறு ஆண்டு பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர், அதுவரை தொடக்க ஐவரில் ஒருவராகவே ஆடிவந்தவரை பெஞ்சுக்கு, அதாவது மாற்று வீரராக, அனுப்பினார். அந்த சீசனில் இகுடாலாவின் சராசரி ஆட்டத்துக்கு 7.8 புள்ளி. அதே அணியில் ஆடி, லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கிய ஸ்டீபன் கரிக்கோ அவரைவிடக் குறைந்த சம்பளம்! அணியின் சம்பள உச்சவரம்பு அப்போது 63 மில்லியன். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவருக்கு. ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

2015 இறுதிச் சுற்றுக்கு வாருங்கள். எதிரணியான கிளீவ்லாந்து 2-1 என முன்னிலை. நான்காவது ஆட்டத்தில் கெர் ஏழடி உயர ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து, இகுடாலாவை முதலிலேயே இறக்கினார். கிளீவ்லாந்தின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸைத் தடுத்துக் காப்பது இகுடாலாவின் பொறுப்பு. அந்தக் காவல் லேசுப்பட்டதல்ல. இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் காலை நகர்த்தி, வளையத்துக்குப் போகும் வழியை மார்பால் அடைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் லெப்ரான் தூரத்திலிருந்து எறிவார். அது தவறினால், திரும்பி வரும் பந்தைப் பிடித்தவர் (ரீபவுண்ட் எடுத்தவர்) பெயர்தான் ஸ்கோர் ஷீட்டில் ஏறும். லெப்ரான் அந்தத் தொடரில் சராசரியாக 35 புள்ளிக்கு மேல் குவித்தார். ஆனாலும் எறிந்த பத்தில் நான்குதான் உள்ளே விழுந்தது. வாரியர்ஸ் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் வென்று, 40 ஆண்டுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் இகுடாலா.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே மனிதர் பிலடெல்பியாவில் முதன்மை ஆட்டக்காரராக இருந்தவர். அங்கே அணி ஒருமுறைகூட இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. பக்கத்தில் கரி போல ஒருவர் இருந்தால்தான் இவருடைய காவலுக்கு முழு விலை கிடைக்கும். நலிந்த அணி இவரைப் போன்றவருக்குக் கொட்டிக் கொடுப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

வாரியர்ஸுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. 2017-இல், 33 வயதில், 3 ஆண்டுக்கு மறுபடியும் 48 மில்லியன் கொடுத்து அவரைத் தக்கவைத்தார்கள். நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.