தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும்: எங்கள் தோட்டத்து ஏர் பிஸ்டல் விளையாட்டுகள்

வணக்கம். சத்தம் கேட்கிறதா? காற்று கொஞ்சம் அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறேன். கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோடு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். ஏர் பிஸ்டல் வாங்கி வந்த அன்று அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "அட, ரேஞ்ச் கட்டியே வைத்திருக்கிறார்களே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. பர்மாத் தேக்குத் தூணை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்படித்தான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

"இதற்கு உரிமம் வேண்டாமா?" என்று வழக்கமாக வரும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது காற்றழுத்தத் துப்பாக்கி. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டியதில்லை. தோட்டா போடும் நிஜத் துப்பாக்கி வேறு சங்கதி, அதற்கும் இந்த வீடியோவுக்கும் சம்பந்தமில்லை. உரிமம் வேண்டாம் என்பதால் இதைப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டல் சுடுவதில் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்தது. நானும் முறைப்படி 10 மீட்டர் அளந்து, வட்டம் அச்சடித்த அட்டையைத் தொங்கவிட்டேன். அந்த அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். பெரிய கொண்டைக்கடலை ஒன்றை அங்கே ஒட்டினால் மறைந்துவிடும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை அதைச் சுட வேண்டும். எங்கள் வீட்டில் பத்து முறை சுடுவதற்குள் ஆளாளுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது வாரம் தோட்டத்தில் நானும் அட்டையும்தான் மிச்சம். நன்றாகச் சுடுகிறவனே எப்போதும் ஜெயித்தால் மற்றவர்கள் ஏன் வருவார்கள்?

அதனால்தான் விளையாட்டாக மாற்றினேன். அதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். மதிலை ஒட்டி மணல் மூட்டை, இரண்டு வரிசை, ஆள் உயரம். அதற்கு முன்னால் பழைய மரப்பெட்டி, உள்ளே துணியும் செய்தித்தாளும் திணித்திருக்கிறேன். பெல்லட், அதாவது ஏர் பிஸ்டலில் போடும் சின்னக் குண்டு, அதற்குள் போய் அடங்கிவிடும். அந்தப் பக்கக் கதவு பக்கத்து வீட்டுக்காரர்கள் கிணற்றுக்கு வரும் வழி. தாழ் போட்டு, வெளிப்பக்கம் சிவப்புத் துண்டு கட்டாமல் பெல்லட் டப்பாவையே திறக்க மாட்டேன். தரையில் கோலப்பொடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். சுடுகிறவரைத் தவிர எல்லோரும் அதற்குப் பின்னால்தான். பிஸ்டல் கைக்குக் கை மாறாது. குண்டு இல்லாமல், குழல் மணல் மூட்டையைப் பார்க்க மேசையில் வைக்க வேண்டும், அடுத்தவர் அங்கிருந்து எடுக்க வேண்டும். யார் "நிறுத்து" என்று சொன்னாலும், ஆறு வயதுப் பிள்ளை சொன்னாலும், நிறுத்தியே ஆக வேண்டும். விசையில் விரல் போவது கடைசியில்.

எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. ஏன் என்று என் முட்டாள்தனத்திலிருந்தே சொல்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டு ஒன்று வாங்கி வந்து நேராக மாட்டினேன். பட்டால் 'டிங்' என்று மணி மாதிரி கேட்கும் என்று ஆசை. சென்னையிலிருந்து வந்த நண்பனின் கேஸ் பிஸ்டலில் எஃகுக் குண்டு. முதல் குண்டு 'டிங்' என்றது. அடுத்த நொடி என் கண்ணாடியில் 'டிக்' என்றது. போன வழியே திரும்பி வந்திருக்கிறது. கண்ணாடியில் விழுந்த கீறல் இதோ, வலது கண்ணுக்கு நேராக. அன்றிலிருந்து எஃகுக் குண்டுக்கு இங்கே இடமில்லை. ஈயப் பெல்லட் மட்டும். தகரத்தைத் தொங்கவிட்டாலும் மேல் விளிம்பு நம் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போது சிதறுவது தரைக்குப் போகும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டில் இன்று ராஜா தாயம்தான். சுடும் கோட்டுக்குப் பின்னால் தரையில் தாயக்கட்டம் வரைந்திருக்கிறேன். காய்கள் புளியங்கொட்டையும் சோழியும். தாயக்கட்டைக்குப் பதிலாக அங்கே அட்டையில் ஏழு வட்டங்கள். தூரம் 5 மீட்டர். தாயம், அதாவது ஒன்று, பத்து ரூபாய் நாணயம் அளவு. பன்னிரண்டும் அதே அளவுதான், ஆனால் மூலையில். ஐந்தும் ஆறும் எலுமிச்சம்பழ அளவு. இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் காபி டம்ளரின் வாய் அளவு. எந்த வட்டத்தில் ஓட்டை விழுகிறதோ அதுதான் விழுந்த எண். தாயம் போட்டால்தான் காய் இறங்கும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டு. வெட்டும் உண்டு. வட்டத்துக்கு வெளியே போனால் வெறும் கை. பெல்லட்டில் தட்டைத் தலை உள்ளதை வாங்குங்கள். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், கோட்டில் பட்டதா இல்லையா என்ற பஞ்சாயத்து பாதி குறையும்.

இதில் எங்கள் அத்தையை ஜெயிக்க ஆளில்லை. குழலை மடக்கி அழுத்தம் ஏற்ற அவருக்குக் கையில் பலம் போதாது, நான்தான் ஏற்றிக் கொடுக்கிறேன். தாயம் விழ அவருக்கு ஏழெட்டு முறை ஆகும். காய் இறங்கிவிட்டால் முடிந்தது கதை. மூன்றைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். மூன்று, மூன்று, மூன்று. நான் மறு ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு மூலையில் இருக்கும் பன்னிரண்டைக் குறிவைத்து, வட்டங்களுக்கு நடுவில் வெள்ளையில் போட்டுக்கொண்டிருப்பேன். "பன்னிரண்டு எங்கேயும் ஓடிவிடாதுடா, முதலில் உன் காயைப் பார்" என்று சொல்லிக்கொண்டே போன ஞாயிற்றுக்கிழமை பழம் ஏறுவதற்கு ஒரு கட்டம் இருக்கும்போது என் காயை வெட்டினார். ஐந்து மீட்டரில், மூக்குக்கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

அடுத்தது அப்பளம். திருவிழாவில் பலூன் சுடுகிற கடை ஞாபகம் இருக்கிறதா? குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்குப் போனால் எனக்கு அதுதான் முதல் வேலை. பலூன் வெடித்தால் ரப்பர்த் துண்டு தோட்டமெல்லாம் கிடக்கும். அப்பளத்தில் அந்தக் குப்பை இல்லை. பொரிப்பதற்கு முன்பே ஈர்க்குச்சியால் ஓரத்தில் ஓட்டை போட்டுவிடுங்கள், பொரித்த பிறகு குத்தினால் உடைந்துவிடும். நூல் கோத்துக் கொடியில் கட்டினால், பட்டதும் சரக்கென்று சிதறும். நமத்துப்போனால் ஆட்டம் கெட்டது, பெல்லட் ஓட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகும், அப்பளம் ஒன்றும் நடக்காத மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அதனால் எண்ணெய்ச் சட்டி ஒரு பக்கம், சுடுவது ஒரு பக்கம். சிதறியதை யாரும் வாயில் போடக் கூடாது, ஈயம் பட்டது. விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பலகாரத் தட்டுப் பக்கம் யாரையும் விடுவதில்லை.

பிள்ளையார் நோன்புக்குச் சொந்தமெல்லாம் வந்தபோது புள்ளி ஆட்டம் ஆடினோம். எங்கள் பக்கம் கல்யாணம் ஆன ஜோடிதான் ஒரு புள்ளி, தெரியும் அல்லவா. அதனால் கணவனும் மனைவியும் ஒரே அணி, ஆளுக்கு ஐந்து குண்டு, இருவர் எண்ணிக்கையும் சேர்த்துக் கணக்கு. ஜெயித்த ஜோடி அடுத்த சுற்றில் ஒரு அடி பின்னால் நிற்க வேண்டும். அண்ணனும் அண்ணியும் கடைசியில் கிணற்றடிக்கே போய்விட்டார்கள். நான் இன்னும் புள்ளி ஆகவில்லை, அப்பத்தாவோடு சேர்த்துவிட்டார்கள். அப்பத்தா சுடவில்லை, என்னை வைதது மட்டும்தான்.

கோழி, பன்றி, வான்கோழி, ஆட்டுக்கிடா வடிவத் தகரங்களை வரிசையாக நிறுத்தி விழவைக்கும் ஆட்டமும் இருக்கிறது, மெக்சிகோவிலிருந்து வந்தது. ஏர் பிஸ்டலுக்கு 10 கஜத்தில் கோழி, 18 கஜத்தில் கிடா. எங்கள் தோட்டத்தில் அவ்வளவு நீளம் இல்லை. தகரம் வெட்டிக் கொடுக்க ஆள் கிடைத்தால் தூரத்தைக் குறைத்து ஆடிப் பார்க்கிறேன்.

இப்போது ஒரு ஆட்டம் நேரடியாகக் காட்டலாம் என்றுதான் அப்பளம் எல்லாம் கட்டி வைத்தேன். ஒரு நிமிடம்... நிறுத்து, நிறுத்து. மதில் மேலே பாருங்கள். மயில். இறங்கி வந்து அப்பளத்தைக் கொத்துகிறது. இது போகிற வரைக்கும் பிஸ்டல் மேசையில்தான் இருக்கும். நேற்று வந்தது முக்கால் மணி நேரம் போகவில்லை. அத்தை, நாலு அப்பளம் சேர்த்தே பொரித்து வையுங்கள்!