தங்கப்பூச்சின் திட்டுகள்

அவையோர்க்கு வணக்கம்.

மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக எதிரெதிரே வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-இல் டச்சு இயற்பியலாளர் ஹென்ட்ரிக் காசிமிர் கணக்கிட்டுச் சொன்னார். அதுவே காசிமிர் விசை. ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் அந்த இழுப்பு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிநியூட்டன்தான்.

அதே தகடுகளுக்கிடையே 17 மில்லிவோல்ட் இருந்தாலே நிலைமின் விசை அதே அளவுக்கு இழுத்துவிடும்! அந்த மின்னழுத்தத்தை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் கம்பியால் இணைத்தாலும் போகாது. இந்தத் தகடுகளின் மேல் பூசும் தங்கப்பூச்சு கண்ணுக்கு ஒரே பரப்பு. உள்ளபடி அது நுண்படிகங்களின் கூட்டம். ஒவ்வொரு படிகமும் எந்த முகத்தைக் காட்டுகிறதோ, அதற்கேற்ப எலக்ட்ரானின் வெளியேற்று ஆற்றல், அதாவது எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல், மாறும். காற்றிலிருந்து படிந்த நீரும் கரிமப் பொருளும் வேறு. ஆக, பரப்பெங்கும் திட்டுத் திட்டாக மின்னழுத்தம்.

பரிசோதனை செய்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வெளியிலிருந்து மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி விசையை அளப்பார்கள். வரைபடத்தில் பரவளையம் வரும். அதன் அடிப்புள்ளியில் மின்னழுத்தத்தை நிறுத்திவிட்டு, மிஞ்சிய விசை காசிமிர் விசை என்பார்கள்.

இங்கேதான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. விசை மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது. ஒரு திட்டு +10 மில்லிவோல்ட், பக்கத்துத் திட்டு −10 என்றால் சராசரி சுழி. இருபடிகளின் சராசரியோ 100! திட்டுகள் இடைவெளியைவிடப் பெரியவையாக இருந்தால், அடிப்புள்ளியிலும் அவற்றின் இழுப்பு அப்படியே இருக்கும். அந்த அடிப்புள்ளியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. தகடுகளின் தூரம் மாற அதுவும் நகர்வதை 2008-இல் வெளியான அளவீடுகள் காட்டின.

தூரம் கூடக்கூடத் தொல்லை பெரிது. இடைவெளியை இரட்டித்தால் காசிமிர் விசை பதினாறில் ஒரு பங்காகும். சீரான மின்னழுத்தத்தின் விசை நாலில் ஒரு பங்காக மட்டுமே குறையும். 2011-இல் சுஷ்கோவ், லாமொரோ குழுவினர் 0.7 முதல் 7 மைக்ரோமீட்டர் வரை அளந்தபோது, திட்டுகளின் விசையைக் கழித்த பிறகே வெப்பத்தால் வரும் காசிமிர் விசையைப் பிரித்தெடுத்தார்கள். அருமையான உழைப்பு. ஆனால், எவ்வளவு கழிப்பது என்பதையும் அதே விசைத் தரவிலிருந்தே எடுத்தால் ஐயம் முழுதும் தீராது.

திட்டுகளைத் தனியாக அளக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்குக் கெல்வின் ஆய்வுமுனை இருக்கிறது; பரப்பைத் தொடாமலே அதன் மின்னழுத்தத்தை இடத்துக்கு இடம் அளக்கும் கருவி அது. தகட்டை வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுத் திட்டுகள் மாறிவிடும். ஆகவே விசையை அளந்த அதே வெற்றிட அறைக்குள்ளேயே அந்த முனை நகர வேண்டும்.