நட்சத்திரம் போட்ட நீதிபதி

(கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில், ஒரு நூலகக் கூடத்தில் தமிழ் வாக்காளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

தேர்தல் என்று பேச எழுந்தால் உத்திரமேரூர்க் குடவோலையில் தொடங்குவது நம் மேடை வழக்கம். இன்று உங்களுக்கு அதிலிருந்து விடுதலை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓலையை விட்டுவிட்டு, போன வாரம் உங்கள் தபால் பெட்டியில் வந்து விழுந்த வழவழப்பான தேர்தல் பிரசார அட்டையைப் பற்றிப் பேசலாம்.

குடியுரிமை கிடைத்தபின் என் முதல் ஓட்டு. தபாலில் வந்த வாக்குச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். மாவட்ட முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பதவிகளுக்கெல்லாம் கட்டத்தைக் கறுப்பாக்கி முடித்துத் தாளைத் திருப்பினால், "சுப்பீரியர் கோர்ட் நீதிபதி" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே இரண்டு பெயர். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏம்ப்பா, ஜட்ஜுக்கு ஓட்டா? அப்ப அவரு வீடு வீடா வந்து கும்பிடு போடுவாரா?"

அவருக்கு அது நிஜமாகவே அதிர்ச்சி. நம் ஊரில் முன்சீப் ஆவதற்குத் தேர்வு எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குக் கொலீஜியம் பெயர் அனுப்பும். அதில் குறைகள் உண்டு, அது வேறு கூட்டத்துக்கான பேச்சு. ஆனால் நீதிபதியாக யார் உட்காருவது என்று வாக்காளரிடம் யாரும் கேட்பதில்லை. அப்பா பார்த்த முன்சீப்புகளில் சிலர் உள்ளூர் வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார்களாம். போனால் மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தைப் பார்க்க முடியாது என்பார்களாம்.

அமெரிக்காவிலும் ஃபெடரல் நீதிபதிகளுக்கு ஓட்டு கிடையாது. ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, ஆயுள் வரை பதவி. மாநில நீதிமன்றங்கள் தனி உலகம். 1832ல் மிசிசிப்பி, தன் நீதிபதிகள் எல்லோரையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. 1846ல் நியூயார்க் அந்த வழிக்கு வந்ததும் மற்ற மாநிலங்களும் வரிசையாக வந்தன. ஆளுநரும் சட்டசபையும் தங்களுக்கு வேண்டியவர்களை நீதிமன்றத்தில் நிரப்புகிறார்கள், அந்தப் பிடியை உடைப்போம் என்பதுதான் அன்றைய வாதம். கிறுக்குத்தனமான யோசனை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதில் நியாயம் இருந்தது. இன்று 38 மாநிலங்களில், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகூட ஏதோ ஒரு வகைத் தேர்தலைச் சந்தித்தாக வேண்டும். டெக்சாஸ் போன்ற இடங்களில் கட்சிப் பெயரோடு நிற்கிறார்கள். இங்கே கட்சிப் பெயர் கிடையாது.

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் வழக்கை முதலில் விசாரிக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். நீதிபதிக்கு ஆறாண்டுப் பதவி. பத்தாண்டு வழக்கறிஞராக இருந்தவர் நிற்கலாம். நடுவில் காலியாகும் இடத்தை ஆளுநர் நிரப்புவார். இருக்கும் நீதிபதியை எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் அவர் பெயர் சீட்டிலேயே அச்சாகாது, பெரும்பாலோர் அப்படியே தொடர்ந்துவிடுவார்கள். ஆகையால் உங்கள் சீட்டில் ஒரு சுப்பீரியர் கோர்ட் நீதிபதியின் பெயர் இருக்கிறதென்றால், அங்கே உண்மையான போட்டி நடக்கிறது என்று பொருள்.

சரி, இந்த வேட்பாளர் உங்களிடம் என்ன சொல்லி ஓட்டுக் கேட்பார்? கவுன்சிலர் சாலை போடுகிறேன் என்பார், மேயர் வாடகையைக் குறைக்கிறேன் என்பார். நீதிபதி வேட்பாளர் "இன்ன வழக்கு வந்தால் இன்ன தீர்ப்பு" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. நீதித்துறை நடத்தை விதி அதைத் தடுக்கிறது. ஒரு காலத்தில் சில மாநிலங்களில் சர்ச்சையான சட்டக் கேள்விகளில் தன் கருத்து என்ன என்று சொல்வதற்கே தடை இருந்தது. 2002ல் மின்னசோட்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்தத் தடையை ரத்து செய்தது. கருத்துச் சொல்லலாம், வாக்குறுதிதான் கூடாது என்று ஆயிற்று. ஆனால் கவனமுள்ள வேட்பாளர் அதற்குப் பிறகும் வாயைத் திறப்பதில்லை. "நேர்மை, அனுபவம், பாரபட்சமின்மை" என்று மூன்று சொல். எதிர் வேட்பாளரின் அட்டையிலும் அதே மூன்று சொல்.

வேட்பாளர் பேச முடியாத இடத்தில் மற்றவர்கள் பேசுகிறார்கள். எண்டார்ஸ்மென்ட் என்கிறோமே, அந்த ஆதரவுப் பட்டியல்தான் நீதிபதி தேர்தலில் ஏறக்குறைய முழுப் பிரசாரமும். ஷெரிஃப், மேயர், ஆசிரியர் சங்கம், தீயணைப்பு வீரர் சங்கம், ஐம்பது நீதிபதிகள் என்று பெயர் பெயராக அடுக்கியிருப்பார்கள்.

அந்த முதல் தேர்தலில் நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. என் கையில் ஒரு அட்டை இருந்தது. நான் நம்பும் பெரிய தலைவர்களின் பெயர்கள் மேலே, அதே வரிசையில் கீழே ஒரு நீதிபதி வேட்பாளர். ஆகா, நம் ஆள் போலிருக்கிறது என்று அந்தப் பெயருக்கு எதிரே கறுப்பாக்கிவிட்டேன். தபாலில் போட்ட பிறகு அப்பா அந்த அட்டையை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். கோர்ட் நகலை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த கண்கள் அல்லவா? "இந்தப் பேருக்குப் பக்கத்துல மட்டும் என்னப்பா நட்சத்திரம்?" என்றார்.

அடியில் எறும்பு எழுத்தில் விடை இருந்தது. நட்சத்திரக் குறி இட்ட வேட்பாளர்கள் இந்த அட்டையில் இடம்பெறப் பணம் கொடுத்திருக்கிறார்கள். இது எந்தக் கட்சியின் அதிகாரபூர்வ அமைப்பும் வெளியிட்டது அல்ல. ஒரே அட்டையில் இருப்பதால் ஒருவரை மற்றவர் ஆதரிக்கிறார் என்று கொள்ள வேண்டாம்.

இதற்கு ஸ்லேட் மெயிலர் என்று பெயர். கலிபோர்னியாவில் இது ஒரு தொழில். பிரபலமான பெயர்களைக் காசில்லாமல் மேலே போடுவது, கீழே இருக்கும் இடத்தை விலைக்கு விற்பது. சட்டவிரோதம் இல்லை. அந்த நட்சத்திரத்தையும் பொடி எழுத்தையும் போடச் சொல்வதே சட்டம்தான். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாதிரிக் கவுண்டியில் அதிகாரபூர்வ வாக்காளர் கையேட்டில் ஒரு சிறு அறிமுகப் பத்தி போடவே வேட்பாளர் பல்லாயிரம் டாலர் கட்ட வேண்டும். யாருக்கும் தெரியாத ஒரு வழக்கறிஞர் லட்சக்கணக்கான வாக்காளரின் கண்ணில் பட வேறு என்னதான் செய்வார்? ஆனால் விலைக்கு வாங்கிய இடத்தை நற்சான்று என்று நான் படித்தேன் பாருங்கள், அது என் தப்பு.

காசு கொடுக்காமல் கிடைத்த உண்மையான ஆதரவு? அதையும் சும்மா எண்ணக் கூடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவரும் அப்பாதான். பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கையெழுத்துப் போட்டவங்கள்ல யாருக்கெல்லாம் அந்தக் கோர்ட்டுல கேஸ் இருக்கு?"

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பட்டியலை மறுபடி பாருங்கள். தீயணைப்பு வீரர் சங்கத்துக்குக் குற்ற வழக்கு நடத்தும் வேலை இல்லை, அது ஊர்ப் பெருமைக்கான பெயர். போலீஸ் சங்கத்தின் உறுப்பினர் நாளை அதே நீதிபதி முன் சாட்சிக் கூண்டில் ஏறுவார். டி.ஏ. எனப்படும் மாவட்ட அரசுத் தரப்பு வழக்கறிஞரின் அலுவலகம் அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிறது. இவர்களின் ஆதரவில் சாட்சியமும் உண்டு, நாளைக்கான கணக்கும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அதனால் நான் தேடுவது எதிர்த்தரப்பின் பெயரை. டி.ஏ. அலுவலகத்திலிருந்து வந்து நிற்கும் வேட்பாளரை, அவரோடு பத்து வருடம் கோர்ட்டில் மோதிய பப்ளிக் டிஃபெண்டர் ஒருவர், அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடுபவர், ஆதரித்தால், அந்த ஒரு பெயர் எனக்கு நாற்பது மேயர்களுக்குச் சமம். தோற்ற வழக்குகளை மனதில் வைத்திருப்பவர் அவர். பொய் சொல்லிக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. நமக்கு இது புதிதா என்ன? மாப்பிள்ளையைப் பற்றித் தரகரிடமும் தாய்மாமனிடமும் யாராவது விசாரிப்பார்களா? தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம்தானே போய் நிற்போம்!

நீதிபதிகளே தரும் ஆதரவு இன்னொரு வகை. பதவியில் இருக்கும் நீதிபதி எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகத் தன் பெயரைப் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது என்பது டெக்சாஸ் விதி. கலிபோர்னியாவில் நீதிபதி பதவிக்கு நிற்பவரை மட்டும் ஆதரிக்கலாம், மற்ற பதவிகளுக்குக் கூடாது. சக ஊழியரின் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பதவியில் இருப்பவருக்குச் சவால் வந்தால் ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் சேர்ந்து நிற்பது இயல்புதான். என் கணக்கில் அந்த ஐம்பது பெயரை ஐந்தாக வைத்துக்கொள்கிறேன்.

வழக்கறிஞர் சங்கங்களின் மதிப்பீடு இன்னும் உதவும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வழக்கறிஞர் சங்கம் வேட்பாளரோடு வேலை பார்த்தவர்களை விசாரித்து "மிகச் சிறந்த தகுதி" முதல் "தகுதியில்லை" வரை தரம் பிரிக்கிறது. அதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்கு 2006ல் அங்கே நடந்ததைக் கேளுங்கள். சின்ட்ரா யானாவ்ஸ் என்ற பெண் நீதிபதி, லாட்வியாவில் பிறந்தவர், இருபதாண்டு அனுபவம். சங்கம் அவருக்கு மிக உயர்ந்த தரம் கொடுத்தது. எதிர்த்து நின்றவர் பேகல் ரொட்டிக் கடை நடத்திவந்த ஒரு வழக்கறிஞர், சங்கத்தின் மதிப்பீட்டில் தகுதியில்லை. தேர்தலில் யானாவ்ஸ் தோற்றார். உச்சரிக்க வராத அந்நியப் பெயரே அவரைத் தோற்கடித்தது என்று அப்போது பலரும் பேசினார்கள். ஆளுநர் ஷ்வார்ஸ்னெகர் சீக்கிரமே அவரை வேறொரு நீதிபதி இடத்தில் நியமித்தார். பெயர் உச்சரிக்க வராததால் ஒருவர் தோற்றார், அவரைத் திரும்பக் கொண்டுவந்தவரின் பெயர் ஷ்வார்ஸ்னெகர்! மீனாட்சிசுந்தரங்களும் திருநாவுக்கரசுகளும் உட்கார்ந்திருக்கும் இந்த அவையில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நம் சொந்தக் கவுண்டிக்கு வருகிறேன். 2016ல் ஸ்டான்ஃபோர்ட் நீச்சல் வீரர் ஒருவருக்கு, பாலியல் தாக்குதல் வழக்கில் அரசுத் தரப்பு ஆறு ஆண்டு கேட்டது. நீதிபதி ஆரன் பெர்ஸ்கி ஆறு மாதம் கொடுத்தார். நாடே கொதித்தது, எனக்கும் வயிறு எரிந்தது. அவரைத் திரும்பப் பெறும் ரீகால் இயக்கம் தொடங்கியபோது இரு பக்கமும் பட்டியல்கள் வந்தன. அதில் ஒரு பெயர் என்னை நிறுத்தியது. மாவட்ட அரசுத் தரப்பின் தலைவர் ஜெஃப் ரோசன். அவருடைய அலுவலகம் கேட்ட தண்டனைதான் அந்தக் கோர்ட்டில் கிடைக்காமல் போனது. தண்டனை போதாது என்று அவரே சொன்னார். ஆனால் ஒரு தீர்ப்புக்காக நீதிபதியை நீக்கினால் நீதித்துறையின் சுதந்திரம் போய்விடும் என்று ரீகாலை எதிர்த்தார். சற்று முன் நான் சொன்ன எதிர்த்தரப்புச் சாட்சி இதுதான்.

2018 ஜூனில் வாக்காளர்கள் பெர்ஸ்கியை நீக்கினார்கள். 1932க்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி இப்படிப் போனது அதுவே முதல் முறை. ரீகால் பேச்சு கிளம்பியதிலிருந்தே மாநிலத்தின் மற்ற நீதிபதிகளும் தண்டனையைக் கூட்டினார்கள் என்று பின்னால் அரசியல் அறிஞர்கள் ஆய்ந்து சொன்னார்கள். கூடின தண்டனையை அனுபவித்தவர்கள் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களாக இருக்க வாய்ப்புக் குறைவு. நான் எப்படி ஓட்டுப் போட்டேன் என்று கேட்காதீர்கள். போட்டதைப் பற்றி இன்னும் எனக்குள் வழக்கு நடக்கிறது.

ஆதரவு பணமாகவும் வரும். மேற்கு வர்ஜீனியாவில் 2002ல் ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கோடி டாலர் தீர்ப்பு. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போக இருந்த நேரத்தில், 2004ல், அங்கே ஒரு நீதிபதி தேர்தல். நிறுவனத் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் ஒரு வேட்பாளருக்காகச் சுமார் முப்பது லட்சம் டாலர் செலவழித்தார். இதில் வேட்பாளரின் கணக்குக்கு நேராகப் போனது வெறும் 1,000 டாலர், சட்டம் அனுமதித்த உச்சவரம்பு. மீதியெல்லாம் தனி அமைப்பு, தனி விளம்பரம் வழியாக. நன்கொடைப் பட்டியலை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு அவர் ஆயிரம் டாலர்க்காரர்! அந்த வேட்பாளர் ஜெயித்தார். 2007ல் அதே வழக்கில் 3க்கு 2 என்று தீர்ப்பை ரத்து செய்த மூவரில் அவரும் ஒருவர். 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் அந்த வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றது. அதுவும் 5க்கு 4தான். நான்கு பேர் அதை ஏற்கவில்லை.

அப்பாவிடம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்க முன்சீப் கல்யாணத்துக்கே போகல" என்றார்.

இதோ, இந்தத் தேர்தலுக்கு வந்த அட்டை. சுற்றுக்கு விடுகிறேன். நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும், இல்லாதவர்கள் பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் மனைவி இன்னும் ஓட்டுப் போடவில்லை, நான் சொல்வதை அவர் நம்புவதும் இல்லை.