ஏரியை அழித்த கேப்பிபரா

வணக்கம். பள்ளி விட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. கணினி அறையில் இப்போது நானும் மின்விசிறியும்தான். அதன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், நிறுத்தினால் எனக்கு வியர்த்துக் கொட்டும்.

போன மாதம் என் எட்டாம் வகுப்பில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். ‘எங்கள் ஊர் ஏரி’ என்ற கட்டுரையைப் பிள்ளைகள் கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுதினார்கள். ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை எழுதலாம். எனக்கு 34 பேர்தான். வீட்டிலிருந்தும் எழுதட்டுமே என்று, இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று அமைத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை திறந்தால் ஏரியைக் காணவில்லை! மதகு, கலிங்கு, கரையோரப் பனைமரங்கள் எல்லாம் போய், பக்கம் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். அப்போதும் யாரோ உள்ளே இருந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அநாமதேய கேப்பிபரா’. தென்னமெரிக்காவில் இருக்கும் பெரிய எலி போன்ற விலங்கு அது. இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டாக்ஸ் இப்படி ஒரு விலங்கின் பெயரைச் சூட்டிவிடும்.

கட்டுரை திரும்பக் கிடைத்துவிட்டது. இதோ பாருங்கள், கோப்பு மெனுவில் ‘பதிப்பு வரலாறு’. முந்தைய நாள் மாலைப் பதிப்பைத் தொட்டு மீட்டெடுத்தேன், அரை நிமிடம் ஆகவில்லை. இப்படி அநாமதேயமாக வந்தவர் அழித்தால், அது யார் என்பதை மட்டும் வரலாறு சொல்லாது. கதவைத் திறந்து போட்டவள் நான்; வந்தவரைக் கேட்டு என்ன பயன்?

இப்போது பகிரும் இடத்தில் பொதுவான அணுகலை ‘வரம்பிடப்பட்டது’ என்று வைத்திருக்கிறேன். பள்ளி கொடுத்த கணக்கில் நுழைந்த பிள்ளைக்கு மட்டுமே கோப்பு திறக்கும். தன் குழுவின் கோப்பில் எழுதலாம்; அடுத்த குழுவின் கோப்பில் கருத்து மட்டும்தான் போடலாம். இந்த இரண்டாவது ஏற்பாட்டை நான் பாதுகாப்புக்காகச் செய்தேன், கிடைத்தது வேறு. ஒரு குழு ‘ஏரி வருடம் முழுவதும் நிறைந்திருக்கும்’ என்று எழுதியிருந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ஓரத்தில் கருத்து போட்டிருந்தான்: “சித்திரையில் நாங்கள் அதற்குள் கிரிக்கெட் விளையாடுகிறோம்.” எழுதிய பெண் விடவில்லை: “ஆடி மாதம் வந்து விளையாடு, பார்க்கலாம்.” ஏழெட்டுப் பதில்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து அந்த வரியைத் திருத்தினார்கள். கையை உயர்த்தச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் இன்றுவரை உயர்த்தியிருக்க மாட்டான்.

பள்ளிக் கணக்கு இல்லாத ஆசிரியர்கள் பேட்லெட்டைப் பாருங்கள்; பிள்ளைகள் தங்கள் பதிவுகளை ஒட்டுகிற ஓர் இணையச் சுவர் அது. ஒப்புதல் அளித்த பிறகே பதிவு சுவரில் தெரியும்படி அமைக்கலாம். கொஞ்சம் வேலைதான், ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு அதை அணைத்துவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நான் கறார். முதலெழுத்தும் வரிசை எண்ணும் போதும். படம், கைபேசி எண் எதுவும் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கிடுகிறது, அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. புதிதாக ஒரு செயலியைக் கண்டதும் 34 பேரின் பிறந்த தேதியையும் அதில் ஏற்றுகிற ஆர்வக் கோளாறு எனக்கும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கேப்பிபரா யார் என்று நான் விசாரிக்கவில்லை. நேற்று மதிய உணவு நேரத்தில் ஒருவன் என் மேசையருகே வந்து வெகுநேரம் நின்றான். “டீச்சர், அந்த விலங்கு தண்ணீரில் நீந்துமா?” என்றான். நன்றாக நீந்தும் என்றேன். “அப்போது நம் ஏரியில் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.