யூரின் நின்றது ஷார்ஜாவில், விடை இருந்தது ஊர்ப் பீரோவில்

(காட்சி: காங்கேயம் பக்கத்துக் கிராமம், வீட்டுத் திண்ணை. பேசுபவர் மடியில் ஓரம் கிழிந்த பச்சை ஃபைல்.)

வணக்கமுங்க. இன்றைக்குப் பேசப்போகிற சமாச்சாரத்தை நம்மூர் ஆம்பளைகள் டீக்கடையிலும் பேச மாட்டார்கள், கட்டின சம்சாரத்திடமும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போவார்கள், கேட்டால் "உடம்புச் சூடுங்க" என்று ஒரே பதில். இளநீர் குடிப்பார்கள், வெந்தயத்தை மோரில் ஊறவைத்து விழுங்குவார்கள், அதிலேயே மூன்று வருடம் ஓடிவிடும். நானும் அந்தக் கூட்டந்தான்.

எனக்கு 56 வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு 11 வருடத்துக்கு முன்னால் ஷார்ஜா போனவன். போன வருடம் ஜனவரியில் மூக்கடைப்பு என்று ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போனால் ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டால் வந்துவிடும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். மூன்று மணிக்கு அடிவயிறு கல்லாகி, நெற்றியெல்லாம் வியர்த்து, கூட இருந்த தாராபுரத்துப் பையன்தான் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனான். டியூப் போட்டதும் பையில் முக்கால் லிட்டருக்கு மேல் இறங்கியது. அந்த நிம்மதி இருக்கிறதே, பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு மண்டபக் கணக்கை முடித்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

சரி, நடந்தது என்ன?

(காட்சி: கையில் ஒரு பெரிய நெல்லிக்காய், நடுவே ஒரு ஸ்ட்ரா.)

மூத்திரப்பைக்கு நேர் கீழே, யூரின் வெளியேறும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பது பிராஸ்டேட். வயசுப் பையனுக்கு 20 கிராம் அளவில் இருக்கும், விந்தில் சேரும் திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அது வீங்கும். ஐம்பதுகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் உண்டு, 80 தாண்டினால் பெரும்பாலானவர்களுக்கு. நடுவில் போகிற குழாய் நசுங்கும், அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் வேகம் குறைகிறது, நின்று நின்று வருகிறது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே தோன்றுகிறது. இதில் மூக்கடைப்பு மாத்திரை எங்கே வந்தது என்றால், அதில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் பையின் கழுத்துத் தசையை இறுக்கிவிடும். கூடவே சேர்ந்திருந்த தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து, பை சுருங்கித் தள்ளும் பலத்தைக் குறைக்கும். ஏற்கெனவே பாதி அடைத்த மடையில் ஒரு கூடை மண்ணைக் கொட்டின கதை.

இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் தனித்தனியாக இருக்கலாம். புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில், குழாயைத் தொடாமல் ஆரம்பிப்பதால் தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தராது. "எனக்குத்தான் நல்லா போவுதே" என்பது பதில் ஆகாது.

இப்போது என் கதையில் கோளாறான இடம். டியூப் போட்ட மூன்றாம் நாளே ஒரு கிளினிக்கில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, அதாவது பிராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது, எழுதிவிட்டார்கள். 11.8 என்று வந்தது. 4 என்பதைத்தான் பழைய எல்லையாகச் சொல்வார்கள். அன்று ராத்திரி செல்போனில் நான் தேடாத பக்கம் இல்லை, படிக்கப் படிக்க உயிலே எழுதிவிட்டேன். ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பயாப்ஸிக்கு இன்ஷூரன்ஸ் அப்ரூவல் கேட்கலாம் என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டு ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு நேராக வரும் விமானத்தில் ஏறிவிட்டேன்.

கோயம்புத்தூர் யூராலஜிஸ்ட், யூரின் சம்பந்தப்பட்ட ஸ்பெஷலிஸ்ட், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நோயைப் பற்றிப் பேசவே இல்லை. "டியூப் போட்டு எத்தனை நாள்ல எடுத்ததுங்க? இதுக்கு முன்னால எப்பவாவது பாத்திருக்கீங்களா? பழைய நம்பர் ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. வீட்டில் வந்து சொன்னதும் சம்சாரம் பீரோவைத் திறந்து, பத்திரம், சிட்டா, பட்டாவுக்கு நடுவில் இருந்து இந்த ஃபைலை உருவினாள். "2017-ல லீவுக்கு வந்தப்போ ஃபுல் செக்கப் பண்ணுனீங்களே, இதுங்களா?" இதேதான். மூன்றாவது பக்கம், கீழே, பி.எஸ்.ஏ. 3.8.

ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் 4.6. எட்டு வருடத்தில் 0.8 ஏறியிருக்கிறது. ஸ்கேனில் சுரப்பி 58 கிராம். பெரிய சுரப்பி கொஞ்சம் அதிகமாகவே பி.எஸ்.ஏ. சுரக்கும். எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, இப்போதைக்கு பயாப்ஸி வேண்டாம் என்றார். இங்கிலாந்தில் 2019-இலிருந்து, முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு தேவைப்பட்டால் பயாப்ஸி என்பதுதான் வழிகாட்டுதல்.

யூரின் அடைப்பு, டியூப், கிருமித் தொற்று, இந்த மூன்றும் பி.எஸ்.ஏ.வை ஏற்றிவிடும், தணிந்து ஆறு வாரமாவது விட்டு எடுக்க வேண்டும். இரண்டு நாளைக்குள் தாம்பத்தியம், கடுமையான சைக்கிள் ஓட்டம் இருந்தாலும் ஏறும். இதற்கு நேர்மாறாக, குறைத்துக் காட்டும் மருந்தும் உண்டு. பிராஸ்டேட் வீக்கத்தைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆறு மாதம் போல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்றால் உண்மையில் 6. முடி கொட்டுவதற்குப் போடும் ஃபினாஸ்டரைடும் இதே வேலையைச் செய்யும், அதைச் சாப்பிடுவதை வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைப்பவர்கள் நிறைய.

இங்கிலாந்தில் ஆண்களுக்குச் சொல்லும் கணக்கு இது: பி.எஸ்.ஏ. கூடின நாலு பேரில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது, சரியாக இருக்கும் ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். ஒற்றை நம்பரை வைத்து அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம்.

அப்புறம் விரல் பரிசோதனை, ஆசனவாய் வழியாக விரலை விட்டு பிராஸ்டேட்டைத் தடவிப் பார்ப்பது. நம்மாட்கள் ஓடுவது இதற்குத்தான். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முட்டியை நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொல்வார்கள், கையுறை, ஜெல், ஒரு விரல். நான் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முகூர்த்த நாளை எண்ண ஆரம்பித்தேன், நாலாவது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

யார் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும்? எல்லோரும் வருடா வருடம் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2018-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 55 முதல் 69 வயது வரை டாக்டரிடம் பேசி அவரவர் முடிவு செய்யலாம், 70-க்கு மேல் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. காரணம், மெதுவாக வளர்ந்து ஆளை ஒன்றும் செய்யாத புற்றுநோயும் இதில் மாட்டும், அதற்கு வைத்தியம் பார்த்து யூரின் கட்டுப்பாடு போனவர்களும் உண்டு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் 45-லேயே டாக்டரிடம் பேச்சை எடுங்கள்.

வெளிநாட்டில் எங்கே போவது? அமீரகத்தில் இன்ஷூரன்ஸ் கார்டைத் திருப்பிப் பார்த்து, எந்த நெட்வொர்க், உங்கள் பங்கு எவ்வளவு, யூராலஜிஸ்ட்டிடம் நேராகப் போகலாமா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். துபாய், அபுதாபியில் முன்பே கட்டாயம், ஷார்ஜா உள்ளிட்ட மற்ற இடங்களில் தனியார் வேலைக்கு 2025 ஜனவரி 1 முதல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆம்புலன்ஸ் 998. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ்காரர்களுக்கு முதலாளி எடுக்கும் 60,000 டாலர் இன்ஷூரன்ஸ் படுக்கையில் சேர்வதற்கும் ஆபரேஷனுக்கும்தான், சும்மா பி.எஸ்.ஏ. பார்ப்பது கைக்காசு. இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொண்டால் 50 வயதுக்கு மேல் நீங்களாகவே பி.எஸ்.ஏ. கேட்கலாம். மகன் வீட்டுக்குப் போகிற அப்பாக்கள் கவனிக்க: அங்கே ஜி.பி. பார்ப்பது இலவசம், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பில் உங்களுக்கு. விமானம் ஏறுவதற்கு முன் எடுக்கும் டிராவல் இன்ஷூரன்ஸில் பழைய வியாதி சேருமா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் சேராது.

(காட்சி: இரண்டு மாத்திரை அட்டைகள் பக்கம் பக்கமாக.)

மாத்திரையின் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே யூரிமேக்ஸ், வெல்டாம், அங்கே ஓம்னிக், எல்லாம் டாம்சுலோசின்தான், பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தி யூரின் போக வழிவிடும் மருந்து. ஆனால் பெயருக்குப் பின்னால் 'டி' சேர்ந்திருந்தால் டூட்டாஸ்டரைடும் சேர்ந்திருக்கிறது, அதாவது உங்கள் பி.எஸ்.ஏ. பாதி. மருந்தின் மூலப்பெயரை ஃபோனில் எழுதி வையுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் டாம்சுலோசின் சாப்பிடுவதை அல்லது முன்பு சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், ஆபரேஷன் நடக்கும்போது கருவிழிப் படலம் தளர்ந்து தொல்லை கொடுக்கும்.

யூரின் சுத்தமாக நின்றால், ரத்தம் கலந்து வந்தால், குளிர் காய்ச்சலோடு எரிந்தால், எந்த நாடானாலும் இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடாமல் கிளம்புங்கள்.

பல்லடத்தில் என் பங்காளி ஒருவன், தறி ஓட்டுகிறவன், 53 வயது. போன வாரம் ஃபோன் செய்து இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். "அண்ணா, பக்கத்துல ஆளுக இருக்காங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். ராத்திரி 2.40-க்கு வாட்ஸ்அப் வந்திருந்தது. "ஞாயித்துக்கெழம ஊருக்கு வர்றேங்ணா. திங்கக்கெழம அந்த டாக்டருகிட்ட கூட வாரீங்களா?"