'டான்' வகுப்புக்கு வர்றார்

[திரை இருட்டு. ஒரு குரல் மட்டும்: "டான்… டான்."]

பாரிஸ் பக்கத்துல பீசெத்ர் மருத்துவமனை. 1861 ஏப்ரல். 51 வயசு நோயாளி. எதைக் கேட்டாலும் பதில் "டான் டான்"தான்.

பேச்சு, மொழிச் சிகிச்சை படிக்கிற முதுநிலை மாணவர்களுக்கு இவரை எப்படி அறிமுகம் செய்வோம்? "பேர் லெபோர்ன், இது ப்ரோகா அஃபேசியா"ன்னு (மூளைப் பாதிப்பால, புரிஞ்சாலும் பேச்சு சரியா வராத நிலை) ஒரே ஸ்லைடு. எழுதிக்குவாங்க. அவங்க யோசிக்க வேண்டியதை நாமளே யோசிச்சு முடிச்சிட்டோம்.

கேஸ் வெச்சுச் சொல்லிக்கொடுக்கணும்னா நோயோட பேரை மறைக்கணும்.

[முதல் தாள்]

சின்ன வயசுலேர்ந்து வலிப்பு. 30 வயசுல பேச்சு போச்சு. சுமார் பத்து வருஷம் கழிச்சு வலது கை, அப்புறம் வலது கால் முடங்கிடுச்சு.

நாலு நாலு பேரா உக்காந்து எழுதட்டும். காது கேக்கலையா? புரியலையா? வாய்த்தசை பலவீனமா? ஒவ்வொண்ணையும் எந்தச் சோதனை வெச்சு ஒதுக்குவீங்க? எழுதிக் கொடுத்தாத்தான் அடுத்த தாள். இதுல கறாரா இருங்க. சும்மா பேசவிட்டா, வாயாடுற ரெண்டு பேர்தான் பேசுவாங்க.

[இரண்டாம் தாள்]

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"ன்னு டாக்டர் ப்ரோகா கேக்கிறார். நோயாளி கையை நாலு தடவை விரிக்கிறார். அப்புறம் ஒரே ஒரு விரல். 21. சரியான கணக்கு!

இங்கதான் வகுப்பு சூடு பிடிக்கும். கேள்வி காதுல விழுந்திருக்கு, புரிஞ்சிருக்கு, ஞாபகம் இருக்கு, எண்ணத் தெரியுது. வாய்க்குத்தான் வரலை. அப்போ சைகை பழக்கலாமா? படப் பலகை கொடுக்கலாமா? சிகிச்சைத் திட்டமே அந்த விரல்லேர்ந்து கிளம்பும்.

[மூன்றாம் தாள்]

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூணாவது தடவை கேட்டதும், தன்னைச் சோதிக்கிறாங்கன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு. கோபத்துல ஒரு வசவு தெளிவா வந்து விழுந்தது.

"அப்போ நடிக்கிறாரா?"ன்னு யாராவது கேப்பாங்க. கேக்கட்டும். பக்கவாதம் வந்த தாத்தா, பேத்தி பேர் வராம தவிச்சிட்டு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு மட்டும் கடகடன்னு சொல்றதைப் பாத்தவங்க வகுப்புலயே இருப்பாங்க. தானா வர்ற பேச்சு வேற, தேடிப் பேசுற பேச்சு வேற.

[மூளைப் படம்]

ஏப்ரல் 17 அவர் இறந்தார். மூளையைப் பாத்துட்டு, இடது முன்மடல்ல (நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதி) பாதிப்புன்னு ப்ரோகா சொன்னார். பத்திரப்படுத்தி வெச்ச அந்த மூளையை எம்ஆர்ஐ எடுத்து 2007ல வெளியிட்டாங்க. ப்ரோகா மேலோட்டமாப் பாத்ததை விடப் பாதிப்பு ரொம்ப ஆழத்துக்குப் போயிருந்தது.

இப்போ முதல் தாள்ல எழுதினதை மாணவர்கள்கிட்டயே திருப்பிக் கொடுங்க. சிவப்பு பேனாவும் அவங்க கையிலயே இருக்கட்டும்.