அளந்து எழுதிக் கேட்டால் ஊருணிக்கு வேலி வரும்

(கடலோர ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர்களே, ஜமாத் தலைவர் ஐயா அவர்களே, காலைத் திருப்பலி முடித்த கையோடு வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நாட்டுப்படகு மீனவர் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, கடல்பாசி எடுக்கப் போகாமல் இன்றைக்கு வருமானத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம். போன கூட்டத்து வரவேற்புரையில் பெயர் விட்டுப்போன ஒருவர் இன்றைக்கும் முன்வரிசைக்கு வர மாட்டேன் என்று தூணுக்குப் பின்னால் நிற்கிறார். மாமா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சிறுமானியம், அதாவது ஊர் வேலைகளுக்குக் கிடைக்கும் சின்னத் தொகை நிதியுதவி, அது பற்றி மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்: யாரிடம் கேட்பது, எப்படி எழுதுவது, பணம் வந்தபிறகு கணக்கை எப்படி வைத்துக்கொள்வது. என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும், எங்கே போனாலும் ஒரே பழமொழியைத்தான் சொல்வேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நம் மாவட்டத்தில் ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.

சரி, யாரிடம் கேட்பது? பக்கத்திலேயே இருப்பது தமிழக அரசின் நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் 3-இல் 1 பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் 5-இல் 1 பங்கு போதும். அப்புறம், உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992 முதல் ஊர் அமைப்புகளுக்கு நேரடியாகவே கொடுத்து வருகிறது. பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) இருக்கிறது, 2013 கம்பெனிச் சட்டப்படி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். ஆனால் அதை வாங்குகிற அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, 2021-க்குப் பிறகு இந்த நிதி வாங்குவதற்கென்றே உள்ள சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் கேட்பார்கள். நம் தெரு இளைஞர் மன்றத்துக்கு அது எட்டாக்கனிதான், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 7 பேர் சேர்ந்தால் 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம், அதுவும் இல்லையென்றால் மகளிர் குழுக் கூட்டமைப்பு வழியாகவோ ஊராட்சி வழியாகவோ கேளுங்கள். பதிவு இல்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். தொண்டிப் பக்கம் ஒரு ஊர். ஊருணிக்கு வேலி போட வேண்டும், ஒரு அறக்கட்டளை உதவுகிறேன் என்றது, படிவத்தில் சுற்றளவு எத்தனை மீட்டர் என்று ஒரு கட்டம். ஊரில் டேப் கிடையாது. நெட்டையான தம்பி ஒருவன் கரையைச் சுற்றி நடந்து ஒரு கணக்குச் சொன்னான். டீக்கடைக்காரர் நடந்தார், அவர் குள்ளம், காலடிக் கணக்கு எங்கேயோ போய்விட்டது. உன் கால் சரியா என் கால் சரியா என்று சண்டை, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், அன்றைக்குச் சாயங்காலம் டீ வியாபாரமே நடக்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர், கடலுக்குப் போய் ஓய்ந்தவர், வலைக் கயிற்றை எடுத்துவந்து கரை நெடுக விரித்து, கையை விரித்து விரித்து அளந்து, 140 பாகம் என்றார். படிவத்தில் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பார்வையிட ஒரு அம்மா வந்தார். “இது எந்த ஊர்க் கணக்கு?” என்று கேட்டார். பெரியவர் எழுந்து நின்று இரண்டு கையையும் அகல விரித்தார், “இந்த ஊர்க் கணக்கு தாயி”. அந்த அம்மா சிரித்துவிட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்து, தானே வெயிலில் சுற்றி வந்து அளந்தார். பாகத்தை மீட்டராக்கிப் பார்த்தால் 4 மீட்டர்தான் வித்தியாசம். பெரியவர் விடவில்லை. “வெயிலில் டேப்பு இளகியிருக்கும்!”

வேலி வந்துவிட்டது. பாகத்தில் எழுதியதற்காகக் கொடுக்கவில்லை, அளந்திருக்கிறார்கள் என்பதற்காகக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே எத்தனை கல்தூண், எந்தப் பக்கம் கதவு, சாவி யாரிடம் இருக்கும் என்று வரி வரியாக எழுதியிருந்தார்கள். “எங்கள் ஊர் பழம்பெருமை வாய்ந்தது” என்று மூன்று பக்கம் எழுதினால் படிக்கிறவர் கொட்டாவி விடுவார். கொட்டேஷன் மூன்று, புல எண், வரைபடம், வேலைக்கு முன் எடுத்த போட்டோ, இவற்றை வையுங்கள். “இதர செலவு” என்று ஒரு பெரிய தொகையைப் போட்டால் அது திறப்புவிழா பிரியாணி என்று எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஊருணியை விட்டுப் போக மனசில்லை. நிழற்குடை கேட்கிறீர்கள், வரவேற்பு வளைவு கேட்கிறீர்கள், சிமெண்ட் பெஞ்சு கேட்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சங்குமால் கடற்கரைப் பக்கம் உப்புத் தண்ணீர், இந்தப் பக்கம் காவிரிக் குழாயில் தண்ணீர் வராத நாளில் காசு கொடுத்துக் குடம் வாங்குகிறோம். நம் அம்மாமார் ஊருணித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்து ஊற்றி வைப்பார்கள், விடிந்தால் தெளிந்து இருக்கும். அந்த ஊருணியில் இப்போது ஆடு இறங்குகிறது, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம், படித்துறையில் பாட்டில். வரத்துக்காலை வெட்டி, வேலி போட்டு, ஒரு கதவு வைக்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை, சிறுமானியத் தொகை தாராளமாகக் காணும். முதல் விண்ணப்பம் ஊருணிக்கு, இரண்டாவதில் உங்கள் வளைவை வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்செட்காரர் கடிகாரத்தைக் காட்டுகிறார், கணக்குப் புத்தகம் பற்றி அடுத்த கூட்டத்தில். அக்டோபர் 2 கிராமசபையில் ஊருணித் தீர்மானம் வர வேண்டும், தீர்மான நகல் இல்லாமல் விண்ணப்பம் நகர்வது கஷ்டம். மேடைக்கு இடது பக்கம் தலைமையாசிரியை அம்மா நோட்டு வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போங்கள். நாளைக் காலை 7 மணிக்குக் கரையை அளக்கப் போகிறோம். கயிறு இருக்கிறவர்கள் எடுத்து வரலாம், டேப் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.